விலை ஏன் இறங்கியது? செகண்ட் ஹேண்ட் கேமிங் ஹார்டுவேர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

2022 செப்டம்பர் 15ஆம் தேதி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் வலைப்பின்னல் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்த நாணயத்தை ஈட்ட, அதாவது மைனிங் செய்ய, கணினியில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டுகள் தேவைப்பட்டன. அன்றைக்குப் பிறகு தேவைப்படவில்லை. கிடங்குகளில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கெல்லாம் ஒரே நாளில் வேலை போயிற்று. அதற்கு ஒரு வருடம் முன்புவரை கேம் ஆடுகிறவர்களுக்குக் கார்டு கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. கிடைத்தாலும் அறிவித்த விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள். அதே கார்டுகள்தான் இப்போது மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்து இறங்கின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செப்டம்பர் 14ஆம் தேதி ஒரு கார்டு விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வரைந்து கொடுத்ததோ, 16ஆம் தேதியும் அத்தனை ஃப்ரேம்தான் கொடுத்தது. வேகம் குறையவில்லை, விலைதான் குறைந்தது. பழைய ஹார்டுவேரில் லாபம் என்பது முழுக்க முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆனால் எல்லா விலை இறக்கமும் இப்படிப்பட்டது இல்லை.

ஒரு பொருளின் விலை இறங்க நான்கு காரணங்கள் இருக்கலாம். புது மாடல் வந்து பழையதன் மவுசு போயிருக்கலாம். எதீரியம் விஷயத்தில் நடந்ததுபோல, பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் ஏராளமாக வந்து குவிந்திருக்கலாம். இன்றைய கேம்கள் கேட்கும் ஏதோ ஒன்று அதனால் முடியாமல் போயிருக்கலாம். அல்லது அது சாகக் கிடக்கலாம். முதல் இரண்டும் வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம். மூன்றாவது, உங்களுக்கு அந்த ஏதோ ஒன்று வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறுத்தது. நான்காவதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காதும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். விற்பவர் எந்தக் காரணத்தையும் சொல்ல மாட்டார். "அப்கிரேட் பண்ணிட்டேன், அதான் விக்கிறேன்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

கிராபிக்ஸ் கார்டில் ஏமாறுவதற்கு எதிரில் ஒரு மோசடிக்காரர் இருக்க வேண்டும் என்பதில்லை. தயாரித்த நிறுவனங்களே பெயர் வைக்கும்போது அந்த வேலையைப் பாதி முடித்து வைத்திருக்கின்றன.

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 என்று ஒரு கார்டு 2016இல் வந்தது. 6 ஜிபி நினைவகம் கொண்டது ஒன்று, 3 ஜிபி கொண்டது ஒன்று. நினைவகம்தான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு மலிவானதை வாங்கியவர்கள் ஏராளம். உண்மையில் 6 ஜிபி கார்டில் கணக்குப் போடும் அலகுகளான கூடா கோர்கள் 1280, 3 ஜிபி கார்டில் 1152 மட்டுமே. சிப்பிலேயே ஒரு பகுதி அடைக்கப்பட்டிருந்தது. ஆர்டிஎக்ஸ் 3060 கதையும் இதே மாதிரிதான். 2021இல் வந்த அசல் மாடலுக்கு 12 ஜிபி நினைவகம், 192 பிட் அகலப் பாதை. 2022இன் கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி மாடல் ஒன்று வந்தது. அதன் பாதை 128 பிட்தான். தகவல் போய்வரும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 ஷேடர்கள் (அங்கே கோருக்கு இந்தப் பெயர்) இருக்க வேண்டும். '2048எஸ்பி' என்ற வால் ஒட்டிய ஒரு 580 உண்டு. அதன் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு ஆர்எக்ஸ் 570. விளம்பரத்தில் அந்த வாலை வசதியாக மறந்துவிடுவார்கள்.

இவற்றிலெல்லாம் மோசமானது ஜிடி 1030. ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் 2017இல் வந்தபோது விநாடிக்கு 48 ஜிபி தகவலைக் கையாண்டது. அடுத்த வருடம் அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 நினைவகம் வைத்து ஒன்றை வெளியிட்டார்கள். அது கையாண்டது சுமார் 17 ஜிபி. ஒரே பெயர், மூன்றில் ஒரு பங்கு வேகம். பெட்டியைத் திருப்பி அந்தச் சிறிய எழுத்தைப் படித்தவர்கள் பிழைத்தார்கள்.

அப்புறம் நிஜமான போலிகளும் உண்டு. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரி பத்து வருடப் பழசை எடுத்து, அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விண்டோஸே நம்பும்படி செய்து விற்றார்கள். இதற்கு எளிய மருந்து ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள். அது கார்டு சொல்லும் பெயரை நம்பாமல் உள்ளே இருக்கும் சிப்பைப் பார்க்கிறது. போலி என்று தெரிந்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே போட்டுவிடும். கோர் எண்ணிக்கை, நினைவக வகை, பாதையின் அகலம் மூன்றும் அதில் ஒரே திரையில் தெரியும். மேலே சொன்ன பெயர்க் குழப்பங்கள் அனைத்துக்கும் அந்த ஒரு திரை போதும். விற்பவரிடம் அந்தத் திரையின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

கார்டு அசலாகவே இருந்தும் உங்கள் கணினியில் சோபிக்காமல் போகும் வாய்ப்பும் இருக்கிறது. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டுடன் பேசுவது பிசிஐஇ என்ற இணைப்பின் வெறும் நான்கு தடங்கள் வழியாக. பிசிஐஇ 4.0 உள்ள புதிய போர்டில் ஓரளவு சமாளிக்கிறது. பழைய 3.0 போர்டில் தடத்தின் வேகம் பாதியாகிவிடுவதால், 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பட்ஜெட் கார்டை வாங்குகிறவர் பழைய போர்டில்தானே மாட்டுவார்? இந்தக் கேள்வி அதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவில்லையா என்று எனக்கு இன்னமும் வியப்புதான். அதே தலைமுறையில் 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600க்கு எட்டுத் தடங்கள், 8 ஜிபி நினைவகம், சுமார் 132 வாட் மின்சாரம். 1080பி, அதாவது ஃபுல் எச்டி, திரையில் ஆடுகிறவர்களுக்கு, பழைய கார்டுகளில் நான் தயங்காமல் கைகாட்டுவது இதைத்தான். கேம் விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பைப் பார்த்தால் உலகில் அதிகம் பேர் இன்றும் வைத்திருப்பது 1080பி திரைதான். 4கே சோதனை அட்டவணைகளைப் பார்த்துவிட்டு நம்மிடம் இருப்பது குப்பை என்று ஏங்க வேண்டிய அவசியமில்லை.

ஓடும், ஆனால் திறக்காது

மூன்றாவது காரணத்துக்கு வருவோம். ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ஒரு காலத்தின் ராஜா. 2017 மார்ச்சில் 11 ஜிபி நினைவகத்துடன் வந்தது. வழக்கமான முறையில் படம் வரையும் கேம்களில் இன்றும் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரை முந்திவிடும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் இருப்பது அந்த 2060 சூப்பர். காரணம், அந்த கேம் ஒளியைக் கணக்கிடும் ரே டிரேசிங் வேலையைக் கார்டின் வன்பொருளிலேயே செய்யச் சொல்கிறது. 1080 டிஐயில் அந்தப் பகுதியே கிடையாது. 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமும் அப்படித்தான். குறைந்த ஃப்ரேமில் ஆடிக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. கேமே திறக்காது.

2023இல் வந்த 'ஆலன் வேக் 2' கொஞ்சம் வேறு மாதிரி. மெஷ் ஷேடர் என்ற புதிய வசதியை நம்பி எழுதப்பட்டதால், அது இல்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகள் வந்த புதிதில் தள்ளாடின. பிறகு பேட்ச் வந்து ஓரளவு நிலைமை தேறியது. எல்லா நிறுவனங்களும் பழைய கார்டுக்காக இவ்வளவு மெனக்கெடும் என்று எதிர்பார்க்க முடியாது.

கார்டையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் விஷயமும் இதில் சேர்த்தி. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு, புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. ஆகவே இந்தக் கார்டுகள் நாளைக்கே செத்துவிடாது. ஐந்து வருடப் பழைய கேம்களையும் போட்டி ஆட்டங்களையும் ஆடுகிறவர்களுக்கு இந்த விலை இறக்கம் நல்ல செய்தி. புதிது புதிதாக வருவதை எல்லாம் ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு, ஜிடிஎக்ஸ் என்று தொடங்கும் எதுவும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.

பிராசசர்களிலும் இப்படி ஒரு மதில் உண்டு. சர்வர்களிலிருந்து கழற்றிய பழைய இன்டெல் சியான் சிப்பையும், அதற்கென்று தயாராகும் பெயர் தெரியாத மதர்போர்டையும் சேர்த்து 'எட்டு கோர், பன்னிரண்டு கோர்' என்று விற்கிறார்கள். கோர் எண்ணிக்கை நிஜம்தான். ஆனால் கேம் கேட்பது ஒவ்வொரு கோரின் தனி வேகத்தை; அதில் இவை பின்தங்கியவை. அது மட்டுமில்லாமல் 2013இன் ஹாஸ்வெல் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்புகளுக்கு ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் தெரியாது. சில புதிய கேம்கள் அந்தக் கட்டளை இல்லையென்றால் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

மைனிங் கார்டும் இருபதாவது நிமிடமும்

மைனிங்கில் ஓடிய கார்டு வேண்டவே வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம், அதுதான் நல்லது என்பவர்கள் மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. கேம் ஆடும் கார்டு தினமும் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, அதன் சாலிடர் இணைப்புகள் விரிந்து சுருங்குகின்றன. மைனிங் கார்டு ஒரே வெப்பத்தில், பெரும்பாலும் மின்சாரத்தைக் குறைத்து வைத்து, தொடர்ந்து ஓடியிருக்கும். சிப்புக்கு அது ஒன்றும் பெரிய கொடுமை இல்லை. தேய்வது ஃபேன், காய்வது சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், வேகுவது நினைவகம். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 போன்றவற்றில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 110 டிகிரி வரை போய்த் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ரகம். மாதக்கணக்கில் அந்த விளிம்பிலேயே ஓட்டப்பட்ட கார்டை நான் வாங்க மாட்டேன். ஆர்எக்ஸ் 570, 580 என்றால் வேறு ஒரு சிக்கல்: மைனிங்குக்காக அவற்றின் பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள். அசல் பயாஸைத் திரும்ப ஏற்றாமல் கேம் ஆடினால் திரை மினுக்கும், கணினி தொங்கும்.

நேரில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் அவசரப்படாதீர்கள். முதலில் கார்டின் தங்கநிற விளிம்பு: கீறல் பரவாயில்லை, கருகல் கூடாது. மின்சார இணைப்பின் பிளாஸ்டிக் ஓரம் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் ஓடி மெதுவாக நிற்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பின்பக்கத் திருகுகளின் தலை நசுங்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்ததில் தப்பில்லை, தெர்மல் பேஸ்ட் மாற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள். கூலிங் தகடுகளுக்கிடையே தூசு இருந்தால் அது இயல்பு. ஒரு துளி தூசுகூட இல்லாமல் தகடுகளின் ஓரத்தில் துருவோ வெள்ளைப் படிவமோ தெரிந்தால் கார்டைத் தண்ணீரில் கழுவியிருக்கிறார்கள். மைனிங் கிடங்குச் சரக்கை அப்படிக் கழுவி அனுப்பிய வீடியோக்களையே பலர் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்ப்பது. எனக்குக் கிடைத்த பாடம் இங்கேதான். ஒரு ஆர்எக்ஸ் 580ஐ விற்றவர் தன் கணினியிலேயே மாட்டி கேம் போட்டுக் காட்டினார். பத்து நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடியது. பணத்தைக் கொடுத்து எடுத்து வந்தேன். இங்கே அதே கேம் இருபது நிமிடம் தாண்டியதும் வானத்தில் பச்சைக் கட்டங்கள் தோன்றின. சிறிது நேரத்தில் திரை முழுக்கச் சதுரங்கம். அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டால் மீண்டும் சரியாக இருபது நிமிடம் நன்றாக ஓடும். நினைவகச் சிப் ஒன்று சூடேறினால் மட்டும் தடுமாறும் நோய் அது. கார்டை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நாட்டு வைத்தியம் உலவுகிறது. சரியானாலும் சில வாரம்தான். அப்படிச் சரிசெய்து விற்கப்பட்ட கார்டுதான் எனக்கு வந்ததோ என்னவோ.

அதனால் இப்போது அரை மணி நேரத்துக்குக் குறைந்து எதையும் சோதிப்பதில்லை. யூனிஜின் சூப்பர்பொசிஷன் மாதிரி கார்டுக்குக் கடும் வேலை கொடுக்கும் சோதனை மென்பொருள் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, பக்கத்தில் வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து இரண்டு எண்களைப் பார்க்கிறேன்: சிப்பின் பொதுவான வெப்பம், 'ஹாட்ஸ்பாட்' என்ற உச்சப் புள்ளியின் வெப்பம். இரண்டுக்கும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். முப்பதைத் தொட்டால் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது கூலர் சரியாக அமரவில்லை. இந்தக் குறை எளிதில் சரியாகும். பேரம் பேசவும் உதவும். நினைவகத்துக்கு ஓசிசிடி என்ற மென்பொருளில் தனிச் சோதனை இருக்கிறது. அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். இன்னொன்று: டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றவில்லை என்று பதறிவிடாதீர்கள். சூடு ஏறாதவரை ஃபேனை நிறுத்தி வைப்பது பல கார்டுகளின் வழக்கம்.

ஆபீஸ் கணினியில் ஒளிந்திருக்கும் செலவு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது; பிராசசர் இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியின் ரைசன் என்றால் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தையது கேட்கிறது. இதனால் உலகம் முழுக்க அலுவலகங்கள் நல்ல நிலையில் இருக்கும் கணினிகளைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துக்கட்டுகின்றன. எதீரியம் மாதிரியே இதுவும் ஒரு வெள்ளம். ஆப்டிப்ளெக்ஸ், எலீட்டெஸ்க், திங்க்சென்டர் என்ற பெயர்களில் வரும் இந்தப் பெட்டிகள் உறுதியானவை, அமைதியானவை, பெரும்பாலும் யாரும் நோண்டாதவை. கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சொருகினால் கேமிங் கணினி தயார் என்று ஆயிரம் வீடியோக்கள் சொல்கின்றன.

சொருகப் போகும்போதுதான் சங்கதி தெரியும். பெட்டி ஒல்லியானது என்றால் வழக்கமான உயரமுள்ள கார்டு உள்ளே போகாது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி மின்கம்பி இருக்காது. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டலாம் என்றால் பல மாடல்களில் மதர்போர்டின் இணைப்பு வழக்கமான 24 பின்னாக இல்லாமல் நிறுவனத்தின் சொந்த வடிவில் இருக்கும். அதற்கு ஒரு அடாப்டர். போர்டைக் கழற்றி வேறு கேபினட்டில் போடலாம் என்றால் திருகுத் துளைகள் பொருந்தாது, பவர் பட்டன் இணைப்பும் பொருந்தாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பிசிஐஇ ஸ்லாட் தானாகவே 75 வாட் கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டு என்றால் தனிக் கம்பியே வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1650இன் சில மாடல்கள் இப்படி ஓடும். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட்தான். குட்டை உயர மாடலும் கிடைக்கிறது, ரே டிரேசிங் வன்பொருளும் உண்டு. ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவாக 53 வாட் எடுத்தாலும், 6500 எக்ஸ்டிக்குச் சொன்ன நான்கு தட நோய் இதற்கும் உண்டு. இந்த ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை பிசிஐஇ 3.0 என்பதை மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், கணினி எடுக்கும்போதே முழு உயரக் கேபினட் உள்ள மாடலாகவும், 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசசர் உள்ளதாகவும் பார்த்து எடுப்பது நல்லது. 7ஆம் தலைமுறைக்கும் 8க்கும் விலையில் வித்தியாசம் இருக்கும். ஐ5 வரிசையில் அந்த வித்தியாசத்துக்கு நான்கு கோருக்குப் பதில் ஆறு கோரும், விண்டோஸ் 11உம் கிடைக்கின்றன.

பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் புரோட்டான் வந்தபிறகு தனியாள் கேம்களில் பெரும்பாலானவை லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் மாதிரி ஏமாற்று வேலையைத் தடுக்கும் கடுமையான காவல் வைத்திருக்கும் போட்டி ஆட்டங்கள் ஓடாது. 2025இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6 விண்டோஸிலேயே, கணினி தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்க வேண்டும் என்கிறது. நண்பர்களுடன் எதை ஆடப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு பெட்டியைத் தேடுவதே உத்தமம்.

ஆபீஸ் கணினியில் பெரும்பாலும் ஒற்றை ரேம் குச்சிதான் இருக்கும். இரண்டு குச்சியாகப் போட்டால் பிராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை இரட்டிப்பாகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5600ஜி மாதிரி உள்ளடங்கிய கிராபிக்ஸை நம்பி ஆடுகிறவர்களுக்கு, மிகக் குறைந்த செலவில் அதிக ஃப்ரேம் தரும் மாற்றம் இதுதான்.

பழசு வாங்கலாம், இதை மட்டும் புதிதாக

பிராசசர் பழசாக வாங்குவதற்குப் பாதுகாப்பான பொருள். அசைகிற பாகமில்லை, ஒழுங்காக ஓடினால் ஓடும், இல்லையென்றால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஒரு விதிவிலக்கு: இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சிப்புகளில் சக்திவாய்ந்தவை. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் அவை மெல்ல மெல்லக் கெடுவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, அந்த ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் என்ற சிப்பின் உள் மென்பொருளுக்குத் திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் இனிமேல் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முந்தைய சொந்தக்காரர் பயாஸைப் புதுப்பிக்காமல் எத்தனை மாதம் ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

மதர்போர்டு அப்படியில்லை. இன்டெல் போர்டுகளின் சாக்கெட்டில் உள்ள முடி மாதிரியான பின்களில் ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகும்; டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் வரிசை கலைந்த இடம் பளிச்சென்று தெரியும். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் பொருந்தும் ரைசனில் பின்கள் சிப்பின் அடியிலேயே இருக்கும். காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை வெடுக்கென்று இழுத்தால் சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இப்படியும் அப்படியும் திருகிவிட்டுத் தூக்க வேண்டும்.

அதே ஏஎம்4தான் பட்ஜெட்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். 2017இல் முதல் ரைசனுக்காக வந்த போர்டுகளில் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தால், 2022இல் வந்த ரைசன் 5 5600ஐயோ 5800எக்ஸ்3டியையோ பொருத்தலாம். ஐந்து வருட இடைவெளியைப் போர்டு மாற்றாமல் தாண்ட முடிகிறது. இன்டெல் பக்கம் 1151 என்ற ஒரே எண்ணுள்ள சாக்கெட்டிலேயே 7ஆம் தலைமுறை போர்டில் 8ஆம் தலைமுறைச் சிப் ஓடாது. பழைய தலைமுறைகளில் சிப் மலிவாகவும் போர்டு கிராக்கியாகவும் இருப்பது வாடிக்கை. இரண்டையும் ஒன்றாக, ஓடுகிற நிலையில் விற்பவரிடம் வாங்கினால் தலைவலி பாதி.

ரேமை, மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருள் ஒரு முழுச் சுற்று ஓடிப் பிழையில்லை என்றால் நம்பி வாங்கலாம். 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்காக உற்பத்தி திரும்பியதில் ரேம் விலை எகிறியது. ரேம் தயாரிக்கும் மைக்ரான் அந்த டிசம்பரில் க்ரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் பழைய கணினி ஒன்றை மதிப்பிடும்போது உள்ளே எத்தனை ஜிபி டிடிஆர்4 இருக்கிறது என்பதை முன்பைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும் 'மொத்தம் எழுதியது' என்ற எண்ணைப் பாருங்கள். 1 டிபி டிஎல்சி வகைக்குப் பொதுவாக 600 டிபி அளவில் எழுதத் தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கேம் மட்டும் ஆடியவர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் அதிகம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் சூட்டில் வயதாகின்றன. வெளியிலிருந்து பார்த்து வயதைச் சொல்ல முடியாது. போகும்போது தனியாகவும் போகாது. '80 பிளஸ் கோல்டு' முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அன்று. அப்படியும் பழசு வாங்கினால், கம்பிகள் தனியாகக் கழலும் மாடுலர் வகையில் அதற்குரிய அசல் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கம்பி குறைகிறதே என்று வேறு மாடலின் கம்பியைச் சொருகினால் அச்சாகப் பொருந்தும். ஆனால் மறுமுனையில் பின் வரிசை வேறாக இருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் புகைந்த கதைகள் நிறைய.

கன்சோல் என்றால் தட்டைப் பாருங்கள்

கன்சோலில் கணக்கே வேறு. சாதனத்தின் விலை ஒரு முறைதான். கேம்களின் விலை தொடர்ந்து வரும். தட்டு (டிஸ்க்) போடும் வசதி உள்ள பிஎஸ்5க்கும் டிஜிட்டல் எடிஷனுக்கும் இடையே உள்ள விலை வித்தியாசத்தை, நாலைந்து கேம்களைப் பழைய தட்டாக வாங்கி, ஆடி முடித்து, மறுபடி விற்றாலே எடுத்துவிடலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020இல் வந்தபோது மலிவாக இருந்தது. இன்றும் பழசாக மலிவுதான். ஆனால் தட்டுப் பெட்டி கிடையாது. அதில் வாங்கும் ஒவ்வொரு கேமும் உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், விற்க முடியாது. மாதச் சந்தா கட்டி ஆடுகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

பழைய கன்சோல் வாங்கும்போது உங்கள் கணக்கில் நுழைந்து இணையத்தில் இணைந்து பாருங்கள். விதிமீறலுக்காக நிறுவனம் தடை செய்த சாதனம் வெளியில் பளபளவென்றுதான் இருக்கும். தட்டை உள்ளே தள்ளி வெளியே எடுத்து, கேம் ஏறுகிறவரை நில்லுங்கள். கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தொடாமல் மேசையில் வைத்துத் திரையைக் கவனித்தால், பாத்திரம் தானாக நகர்கிறதா என்று தெரியும். உள்ளே உரசித் தேயும் உணரி காரணம்; மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் விலையில் கழித்துக்கொள்ள வேண்டிய விஷயம். பிஎஸ்4 வாங்குகிறவர்கள் மென்பொருள் 9.00 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முந்தையவற்றில் உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி தீர்ந்து, சர்வரும் எட்டாமல் போனால், தட்டிலிருக்கும் கேமே ஓடாது என்ற சிக்கல் இருந்தது.

வாங்கிய அன்றைக்கே விற்கும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டுக்கு நீங்கள் செலவழித்தது, கொடுத்த விலையிலிருந்து பிறகு கிடைக்கப்போகும் விலையைக் கழித்தால் வருவதுதான். புதிதாக வாங்கிய கார்டு முதல் வருடத்தில் இழப்பதை, ஏற்கெனவே இரண்டு கைமாறிய கார்டு இழப்பதில்லை. பில், வரிசை எண் ஸ்டிக்கர், அசல் பெட்டி மூன்றையும் பரணில் போட்டு வையுங்கள். கூலரைத் திறந்தால் திருகுகளை ஒரு சிறு பையில் போட்டு அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து வாங்க வருபவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் உட்காருவார்.